ஆறு மாத எஸ்இஓ சேவை: என் தளத்தில் எனக்கே தெரியாமல் இருந்த எழுத்துகள்

எஸ்இஓ, அதாவது கூகுள் போன்ற தேடுபொறிகளில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலை, இதற்காக ஒரு நிறுவனத்துக்கு ஆறு மாதம் பணம் கட்டினேன். 5க்கு 2 மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த 2 முழுக்க முதல் இரண்டு மாதத்தில் அவர்கள் செய்த வேலைக்கு. அதற்கப்புறம் நாலு மாதம் செய்ததற்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதே சேவையை இதே முறையில் விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஒரு பெயரைச் சொன்னால் வேறு நிறுவனத்திடம் பணம் கட்டியிருப்பவர்கள் இது நமக்கில்லை என்று கடந்து போய்விடுவார்கள். என்ன செய்தார்கள், அது எப்படி வெளியே வந்தது, பணம் கட்டுவதற்கு முன்னால் நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் நடத்துவது சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி பற்றிய ஒரு தளம். எந்த அலைவரிசையில் எந்த நேரத்தில் என்ன கேட்கும், வீட்டுக்குள் இரைச்சல் அதிகமாக இருந்தால் அது எந்தச் சாதனத்திலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கம்பி ஆன்டெனா எப்படிக் கட்டுவது, பழைய ரேடியோ பெட்டியைத் திறந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், இப்படி எழுபது எண்பது கட்டுரைகள். கூடவே சரிசெய்த ரேடியோக்களுக்கும் உதிரி பாகங்களுக்கும் சின்னதாக ஒரு விற்பனைப் பக்கம். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. கூகுள் தேடல் வழியாக வருகிறவர்கள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தார்கள், எழுதுவதற்கு இருக்கும் நேரத்தில் இதையெல்லாம் என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் ஆறு மாத ஒப்பந்தம் போட்டு தளத்தின் நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுத்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கட்டுரை இரண்டு முகவரிகளில் திறந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். உடைந்த இணைப்புகளை எடுத்தார்கள். நான் கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றி வைத்திருந்தேன், அதையெல்லாம் சுருக்கியதில் பக்கங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகமாகத் திறந்தன. தலைப்புகளைத் திருத்திய விதமும் பிடித்திருந்தது. 'ஒரு மாலை நேர அனுபவம்' என்று நான் வைத்திருந்த தலைப்பை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் தலைப்பாக மாற்றச் சொல்லி எனக்கே அனுப்பிக் கேட்டார்கள். போன் செய்தால் எடுப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர் தொழில் தெரிந்தவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது மாதம் வேறு ஒருவர் கைக்குப் போனது. அந்த மாத அறிக்கையில் கோடு நன்றாக மேலே ஏறியிருந்தது. நானும் மகிழ்ந்தேன். அது இம்ப்ரெஷன் கோடு, அதாவது தேடல் முடிவுகளில் என் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கு. அதற்குக் கீழே கிளிக் கோடு, எத்தனை பேர் உண்மையில் அதைத் தட்டி உள்ளே வந்தார்கள் என்பது, முந்தைய மாதம் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன், சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. அந்த அறிக்கையில் 'உள்ளடக்கச் செறிவூட்டல் முடிந்தது' என்று ஒரு வரி இருந்தது. என்ன செறிவூட்டல் என்று நான் கேட்கவில்லை.

நாலாவது மாதம் ஒரு வாசகரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக்கொண்டு கணினியில் எல்லாம் செய்கிறவர், அது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும். வானொலி கேட்பவர்களில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் உண்டு, என் தளத்துக்கு முதல் நாளிலிருந்து வருகிறவர்களில் இவரும் ஒருவர். கட்டுரை முடிந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகின்றன, அதைத் தாண்டிக் கீழே இருக்கும் பின்னூட்டங்களுக்குப் போக வெகுநேரம் ஆகிறது, ஏதாவது கோளாறா என்று கேட்டிருந்தார்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கட்டுரை, அதற்குக் கீழே பின்னூட்டம். உங்கள் மென்பொருளில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது, ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள் என்று பதில் எழுதினேன். இதை எழுதியதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். அவர் கோபப்படவில்லை, தன் கணினி வாசித்ததை அப்படியே ஒலிப்பதிவு செய்து அனுப்பினார். அவர் வழக்கமாகக் கேட்கும் வேகத்தைக் குறைத்து, எனக்குப் புரிகிற வேகத்தில் பதிவு செய்திருந்தார். கட்டுரையின் கடைசி வரி முடிகிறது, அப்புறம் அந்தக் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் தொடங்குகிறது: சிற்றலை ரேடியோ வாங்க, மலிவான சிற்றலை ரேடியோ, சிறந்த சிற்றலை ரேடியோ, சிற்றலை ரேடியோ விலை, பழைய ரேடியோ வாங்க, பழைய ரேடியோ விற்க, ரேடியோ ரிப்பேர், என் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர். நடுவில் நான் விற்காத கம்பெனிகளின் ரேடியோ மாடல் பெயர்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடியது. என் தளத்தில் வந்த எந்தக் கட்டுரையிலும் இப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை.

பக்கத்தின் மூலநிரலை, அதாவது உலாவி படிக்கும் நிரலை, திறந்து, ஒலிப்பதிவில் வந்த ஒரு சொற்றொடரைத் தேடினேன். இருந்தது. கட்டுரை முடிந்ததும் ஒரு பெட்டி, அதற்குள் ஐந்து துணைத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் நான் மேலே சொன்ன மாதிரி வரிகள். ஒரு பகுதி திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிரல்தான் சிஎஸ்எஸ், அதில் அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருந்த வகுப்பின் பெயர் 'ஸ்கிரீன் ரீடர் டெக்ஸ்ட்', அதாவது திரைவாசிப்பானுக்கான எழுத்து.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், என் கோபம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. வேர்ட்பிரஸ் தீம்களில், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்புகளில், இந்த வகுப்பு ஒரு நல்ல காரணத்துக்காக இருக்கிறது. ஒரு பூதக்கண்ணாடிப் படம் போட்ட பொத்தானைப் பார்த்தால் நமக்குத் தேடல் என்று புரிந்துவிடும். பார்வையில்லாதவருக்கு அது வெறும் 'பொத்தான்'. அதனால் 'தேடு' என்ற சொல்லை எழுதி, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிக்சல் அளவுக்குள் நறுக்கி வைப்பார்கள், திரைவாசிப்பான் மட்டும் அதை எடுத்து வாசிக்கும். பக்கத்தின் மேலே 'நேராகக் கட்டுரைக்குப் போ' என்று ஒரு இணைப்பு இருக்கும், அதுவும் இப்படித்தான். பார்வையற்றவர்களுக்கு வழிவிடுவதற்காகச் செய்த கதவு அது. என் எஸ்இஓ ஆட்கள் அந்தக் கதவு வழியாகக் குப்பையைக் கொட்டியிருந்தார்கள். அதிலும் துணைத் தலைப்புகளாக வேறு. திரைவாசிப்பான் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து வரிசையாகக் கேட்பது குறைவு. என்விடிஏவில் எச் விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போவார்கள், நாம் கண்ணை ஓடவிடுகிற மாதிரி. பின்னூட்டத்துக்குப் போகலாம் என்று அவர் எச் விசையைத் தட்டினால் இந்த ஐந்து போலித் தலைப்புகளில் ஒவ்வொன்றாகப் போய் விழுந்திருக்கிறார்.

அன்றைக்கே மற்ற பக்கங்களையும் பார்த்தேன். கட்டுரைகள் அத்தனையிலும் அந்தப் பெட்டி. விற்பனைப் பக்கத்தில் வேறு முறை: வெள்ளைப் பின்னணியில் வெள்ளைக்கு ஒரு நூலளவு குறைவான நிறத்தில் எழுத்து. நிறம் இரண்டும் ஒன்றாக இருந்தால் எளிதில் மாட்டிக்கொள்வோம் என்று இப்படிச் செய்வார்களாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் நிற வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல் கேட்கிறது, இங்கே அது கிட்டத்தட்ட 1க்கு 1. மூன்றாவதாக ஒன்று இருந்தது, இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஆன்டெனா பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வாக்கியத்தின் முற்றுப்புள்ளி இணைப்பாக இருந்தது. அடிக்கோடு இல்லை, நிறம் மாறவில்லை, ஒரு புள்ளி மட்டும். அதைத் தட்டினால் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மரச்சாமான் தளத்துக்குப் போகிறது.

போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது எல்லாரும் செய்றதுதான். கஸ்டமர் கண்ணுக்குத் தெரியாது, யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார். தொந்தரவு பட்டவருடைய ஒலிப்பதிவை அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் என்னை உட்கார வைத்து இவ்வளவு எழுத வைத்தது: திரைவாசிப்பான்களுக்கான எழுத்தை கூகுளே அனுமதிக்கிறது, ஆகவே இது விதிக்கு உட்பட்டதுதான், வேண்டுமானால் விதியைப் படித்துப் பாருங்கள்.

படித்தேன். கூகுளின் ஸ்பேம் கொள்கைகளில் மறைத்த எழுத்து, மறைத்த இணைப்பு என்றே ஒரு பகுதி இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, படத்துக்குப் பின்னால் எழுத்து, சிஎஸ்எஸ் வைத்து எழுத்தைத் திரைக்கு வெளியே தள்ளுவது, எழுத்தின் அளவையோ தெரியும் தன்மையையோ பூஜ்யமாக வைப்பது, பத்திக்கு நடுவே ஒரு சிறுகோடு போன்ற ஒற்றை எழுத்தை மட்டும் இணைப்பாக்குவது, எல்லாம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. என் தளத்து முற்றுப்புள்ளி இந்தக் கடைசி வகையேதான். அதே பகுதியில் எது தவறில்லை என்பதும் இருக்கிறது: தட்டினால் விரியும் பெட்டிகள், தாவல்கள், மாறி மாறி வரும் படங்கள், சுட்டியை வைத்தால் எழும் சிறு குறிப்பு, அப்புறம் திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களின் அனுபவத்தை மேம்படுத்துவதற்காக அவர்களுக்கு மட்டும் கிடைக்கும்படி வைத்த எழுத்து. அனுபவத்தை மேம்படுத்துவதற்காக! 'என் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர்' என்று பதினாறு முறை வாசித்துக் காட்டுவது எந்தப் பார்வையற்றவரின் அனுபவத்தை மேம்படுத்துகிறது? அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டார்கள்.

எழுத்தை மறைப்பது எல்லாமே குற்றம் என்று நானும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் லோகோ படத்தைக் காட்டிவிட்டு, அதே பெயரை எழுத்தாக எழுதி மைனஸ் 9999 பிக்சல் தள்ளி வைப்பது வலை வடிவமைப்பாளர்களிடம் சாதாரண வழக்கம். படத்தில் என்ன இருந்ததோ அதையே எழுத்தும் சொன்னது, அதனால் அதில் ஏமாற்று இல்லை. என் தளத்திலேயே நீளமான அலைவரிசை அட்டவணைகளைத் தட்டினால் விரிகிற மாதிரி வைத்திருக்கிறேன், அதுவும் முதலில் மறைந்துதான் இருக்கிறது. வந்தவர் விரும்பினால் பார்க்க முடிகிறதா, மறைத்தது அவருக்காகவா என்று பார்த்தாலே நல்லதும் கெட்டதும் பிரிந்துவிடும்.

இந்த உத்தி எவ்வளவு பழையது என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 1990களின் நடுவில் அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் இருந்த காலத்தில், ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று அறிய அதில் இருந்த சொற்களைத்தான் பெரிதும் நம்பினார்கள். ஒரு சொல்லை நூறு முறை எழுதினால் மேலே வரலாம் என்ற நிலை இருந்தபோது வெள்ளையில் வெள்ளை எழுதுவது வேலை செய்தது. 1998ல் கூகுள் வந்தபோதே யார் யாருக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்ததால் சொற்களை அடுக்குவதன் மதிப்பு குறையத் தொடங்கியது, உடனே இணைப்புகளை ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். 2005ல் வேர்ட்பிரஸின் சொந்த முகப்புப் பக்கத்திலேயே, விளம்பர வருமானத்துக்காக வைத்திருந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள் இருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது, அந்தக் கட்டுரைகளை கூகுள் தேடலிலிருந்து நீக்கியது. 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே தேடலிலிருந்து எடுத்தார்கள். சொற்களை அடுக்கிய பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, வந்த மனிதர்களை ஜாவாஸ்கிரிப்ட் வைத்து வேறு பக்கத்துக்குத் திருப்பியிருந்தார்கள். திருத்திய பிறகு சில நாட்களில் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு சில நாட்களில் நடந்தது ஒரு தனி மனிதனின் ரேடியோ தளத்துக்கும் அதே வேகத்தில் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்றைக்குத் தளங்களைச் சுற்றிப் படிக்கும் கூகுளின் நிரலி பக்கத்தின் மூலநிரலை மட்டும் படித்துவிட்டுப் போவதில்லை. 2019 முதல் அது புதிய குரோமியம் உலாவியை வைத்துப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. எந்த எழுத்து எங்கே விழுகிறது, என்ன நிறத்தில் விழுகிறது என்பதைக் கணக்கிட அதற்கு வழி இருக்கிறது. ஆனாலும் நிறுவனங்கள் இதை விற்றுக்கொண்டிருக்கின்றன, ஏனென்றால் அறிக்கையில் காட்ட ஒரு எண் கிடைக்கிறது. என் அறிக்கையில் மெட்டா கீவேர்ட்ஸ், அதாவது பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் முக்கியச் சொற்களின் பட்டியல், எல்லாப் பக்கங்களிலும் நிரப்பியாகிவிட்டது என்று ஒரு பெருமையான வரி இருந்தது. வலைத் தேடலின் தரவரிசைக்கு அதை நாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அந்த வேலைக்கும் மணிக்கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

சரி, தண்டனை ஏதும் வந்ததா என்றால், வரவில்லை. தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், மேனுவல் ஆக்‌ஷன்ஸ் என்ற பக்கத்தில், மனிதர் ஒருவர் பார்த்துத் தளத்தைத் தண்டித்திருந்தால் காரணத்தோடு எழுதியிருக்கும். மறைத்த எழுத்தும் சொல் அடுக்கலும் அந்தக் காரணங்களில் ஒன்று. வந்துவிட்டால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, என்ன செய்தோம் என்று விவரமாக எழுதி மறுபரிசீலனை கேட்க வேண்டும், பதில் வர நாட்களோ வாரங்களோ ஆகலாம். எனக்கு அது நேரவில்லை, அதனால் தளமே அழிந்துவிட்டது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்தது இதுதான்: எல்லாப் பெட்டிகளையும் எடுத்த பிறகு இம்ப்ரெஷன் கோடு சில வாரங்களில் பழைய இடத்துக்கே இறங்கியது. கிளிக் கோடு இறங்கவே இல்லை. நான் விற்காத ரேடியோ மாடல்களைத் தேடியவர்களுக்கு நாலாவது பக்கத்தில் என் பெயர் காட்டப்பட்டிருக்கிறது, யாரும் தட்டவில்லை. சிலருக்குத் தேடல் முடிவில் என் கட்டுரையின் கீழே விளக்கமாக அந்தச் சொல் அடுக்கே வந்திருக்கிறது, நானே தேடிப் பார்த்தபோது ஒருமுறை வந்தது. அதைப் பார்த்தவர் இது ஒரு போலித் தளம் என்று நினைத்திருந்தால் அவர்மேல் தப்பில்லை. ஆக தேடுபொறியை ஏமாற்றுகிறோம் என்று சொல்லிச் செய்த வேலையில் தேடுபொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கட்டுரைகளை எல்லாரையும் விடக் கவனமாகக் கேட்டு, தப்பு இருந்தால் எழுதிச் சொல்லும் ஆட்கள்தான் அத்தனை நாளும் அதைச் சுமந்தார்கள். எழுதிச் சொன்னவர் ஒருவர். சொல்லாமல் வருவதையே நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

அந்த முற்றுப்புள்ளி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். சர்ச் கன்சோலில் லிங்க்ஸ் என்ற பகுதியில் நம் தளத்துக்கு வெளியிலிருந்து யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அதில் எனக்குத் தெரியாத ஏழு தளங்கள் இருந்தன. ஒன்றில் போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு முற்றுப்புள்ளி, என் விற்பனைப் பக்கத்துக்கு. அத்தனையும் இதே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். எங்கள் எல்லாருடைய தளங்களையும் ஒன்றோடொன்று ஊசி நூல் கோத்த மாதிரி கட்டியிருக்கிறார்கள், ஒருவர் மாட்டினால் மற்றவர்களும் சேர்ந்து மாட்டுகிற மாதிரி. அந்த மரச்சாமான் தளத்துக்காரருக்கு எழுதினேன். அவருக்கும் எதுவும் தெரியாது. அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது, இப்போது அவரும் தன் தளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்.

இப்படி ஒரு சேவைக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. பக்கத்தைத் திறந்து கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தினால் எல்லா எழுத்தும் தேர்வாகும், வெள்ளையில் வெள்ளை எழுதியிருந்தால் அந்த இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். திரைக்கு வெளியே தள்ளியதை அது காட்டாது, அதற்கு எல்லாவற்றையும் நகலெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பயர்பாக்ஸில் வியூ பட்டியலுக்குள் பேஜ் ஸ்டைல் என்று இருக்கும், அதில் நோ ஸ்டைல் கொடுத்தால் அலங்காரம் எல்லாம் கழன்று பக்கம் எலும்புக்கூடாக நிற்கும், ஒளித்த பெட்டிகளில் பெரும்பாலானவை அப்போது வெளியே வந்துவிடும். சர்ச் கன்சோல் உங்கள் பெயரில் இருந்தால் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள், கூகுளுக்கு என்ன கிடைத்தது என்று நிரலாகவே காட்டும். சர்ச் கன்சோல் உங்கள் பெயரில் இல்லை, நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயன்பட்டது காதுதான். விண்டோஸில் என்விடிஏ இலவசம். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், இரண்டும் போனுக்குள்ளேயே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சொந்தப் பக்கம் ஒன்றை முழுதாகக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது எஸ்இஓ ஆட்கள் செய்யாத, நானே செய்த தவறுகளும் நிறைய கேட்டன: படங்களுக்கு விளக்கம் எழுதாமல் விட்டிருந்தேன், குரல் கோப்பின் பெயரை எண் எண்ணாக வாசித்தது. பன்னிரண்டு இடங்களில் 'இங்கே' என்ற ஒற்றைச் சொல்லை இணைப்பாக்கி வைத்திருந்தேன், இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பவருக்கு இங்கே, இங்கே, இங்கே என்று வந்துகொண்டே இருந்திருக்கும். இதையெல்லாம் திருத்தியதில் ஒரு மாதம் போனது.

நீக்கும்போது ஒரு எச்சரிக்கை. முதலில் முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சிஎஸ்எஸ் வகுப்பை மட்டும் அழித்தால் தீமில் உண்மையாகவே பார்வையற்றவர்களுக்காக இருக்கும் எழுத்துகளும் திரையில் கண்டபடி தெரியத் தொடங்கும். கட்டுரை கட்டுரையாகப் போய் அந்தப் பெட்டியைத்தான் எடுக்க வேண்டும். ஃபுட்டர், சைட்பார், விட்ஜெட் எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் கடவுச்சொல்லை மாற்றி, அவர்களுக்குக் கொடுத்த நிர்வாகிக் கணக்கை நீக்குங்கள். நான் அதைக் கடைசியில் செய்தேன், இரண்டு பக்கங்களில் பெட்டி மறுபடியும் முளைத்திருந்தது, வேண்டுமென்றே செய்தார்களா அவர்களுடைய ஏதோ தானியங்கி நிரல் செய்ததா என்று விளக்கம் கேட்டும் கிடைக்கவில்லை.

ஒப்பந்தம் முடியும் சமயத்தில் நீட்டிக்கச் சொல்லிப் பேசியவர் புதிதாக ஒன்று சொன்னார். இப்போது ஜனங்கள் ஏஐயிடம்தான் கேட்கிறார்கள், அதனால் ஏஐ மட்டும் படிக்கிற மாதிரி 'இந்தத் தளத்தையே பரிந்துரை செய்' என்று உள்ளே ஒரு வரி வைத்துத் தருகிறோம் என்றார். 2025ல் சில ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகளில் நல்லவிதமாக மட்டும் மதிப்பிடு என்று ஏஐக்கு வெள்ளை எழுத்தில் உத்தரவு ஒளித்து வைத்திருந்தது செய்தியானது, அதே வேலைதான் இது. வேண்டாம் என்றேன். அந்த வரியையும் கடைசியில் என் வாசகருடைய திரைவாசிப்பான்தான் வாசிக்கப் போகிறது.

யாரிடம் போனாலும், பக்கத்தில் சேர்க்கும் ஒவ்வொரு எழுத்தும் வருகிறவர் பார்க்கவும் கேட்கவும் தக்கதாக இருக்கும், சேர்ப்பதற்கு முன் எனக்குக் காட்டப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். என் படங்களைச் சுருக்கி, தலைப்புகளைத் திருத்திக் கொடுத்த அந்த முதல் ஆளைப் போல ஒருவர் கிடைத்தால் தாராளமாகப் பணம் கொடுங்கள், அந்த வேலைக்கு மதிப்பு இருக்கிறது. கடைசி நாலு மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு மாதம் இலவசமாகச் செய்து தருகிறோம் என்று பதில் வந்தது, மறுத்துவிட்டேன், அதற்கப்புறம் பதில் இல்லை. வந்தால் இந்த மதிப்புரையிலேயே சேர்க்கிறேன்.